நரைத்த பம்பருக்கு எண்ணெய் தடவலாமா?

பெங்களூர், (நமது நிருபர்):

பெங்களூர் சிட்டி ரயில் நிலைய வாசலில் வரிசை பிடித்து நிற்கும் டாக்சிகளை ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். முக்கால்வாசி வெள்ளை வண்டிகள். கண்ணாடி பளிச்சென்று துடைத்திருக்கும். உள்ளே சுவாமி படத்துக்குப் பூ வைத்திருக்கும். ஆனால் பம்பரின் அடிப்பாகம், கதவின் கைப்பிடி, பக்கக் கண்ணாடியின் கூடு, முன் கண்ணாடியின் கீழே வைப்பர் உட்காரும் பட்டை ஆகிய இடங்கள் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். வாங்கிய அன்று இவையெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தவைதான். சில வருஷ வெயிலுக்குப் பிறகு, வண்டிக்கு இல்லாத வயதை இவை காட்டிக் கொடுக்கின்றன.

விலை குறைந்த மாடல்களில் கைப்பிடிக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் வர்ணம் பூசுவதில்லை. வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்காகவே வரும். டாக்சிக்கு வாங்குவது பெரும்பாலும் இந்த மாடல்களைத்தான். ஆகவே நரை முதலில் தெரிவது உழைக்கிறவன் வண்டியில்.

வண்டியை விற்கப் போனால் தரகர் முதலில் தடவிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். "வெயிலிலேயே கிடந்த வண்டி போலிருக்கிறதே" என்று ஒரு வார்த்தை சொல்லி விலையை இறக்குவார். அதற்குப் பயந்து சொந்தக்காரர் என்ன செய்கிறார்? கையில் கிடைத்த எண்ணெயைத் தடவுகிறார். ஜே.சி. ரோடு பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டிப் போனாலே போதும், "அண்ணா, பம்பரைக் கறுப்பு பண்ணித் தரட்டுமா?" என்று துணியும் டப்பாவுமாகப் பையன்கள் வந்து நிற்பார்கள். பத்து நிமிஷத்தில் பம்பர் புதுசாகிவிடும். அடுத்த மழையில் பழையபடி ஆகிவிடும். மறுபடியும் பணம்.

இந்த வேலையில் எது மருந்து, எது வேஷம் என்று தெரிந்து கொண்டால் காசு மிச்சம். சில இடங்களில் உயிருக்கும் நல்லது.

கறுப்பு எங்கே போயிற்று?

பலரும் நினைப்பது, துணிச் சாயம் போவது போலப் பம்பரின் சாயம் வெளுத்துவிட்டது என்று. அது சரியல்ல. இந்தப் பிளாஸ்டிக்கில் கறுப்புக்காகக் கலப்பது ஒரு வகைக் கரி. விளக்குச் சுடரில் தட்டைக் காட்டி எடுக்கிற கண் மையின் கரிக்கு நெருங்கிய சொந்தம். டயருக்குக் கறுப்பு கொடுப்பதும் இதுவே. கரி வெயிலில் வெளுக்காது. இன்னும் சொல்லப் போனால், வெயிலிலிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுவதே அதுதான். வயலுக்குப் போகும் கறுப்புத் தண்ணீர்க் குழாயில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு கரி சேர்ப்பது இதற்காகத்தான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கறுப்பாகச் செய்வதிலும் இந்த லாபம் உண்டு.

அப்படியானால் நரைப்பது எது? கரியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக். பம்பரில் அதிகம் உபயோகமாவது பாலிபுரோப்பிலீன் என்ற பொருள். 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா என்ற விஞ்ஞானி இதை உருவாக்கும் வழியைக் கண்டார். இந்தத் துறையில் செய்த பணிக்காக அவருக்கும் ஜெர்மனியின் கார்ல் சீக்லருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பிளாஸ்டிக் நீண்ட சங்கிலி போன்ற அணுக்கோவைகளால் ஆனது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள பிராண வாயுவும் சேர்ந்து அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. மேல் தோல் மொரமொரப்பாகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. போதாததற்கு, விறைப்புக்காகப் பிளாஸ்டிக்கில் டால்க் என்ற கல் மாவைக் கலந்திருப்பார்கள். முகத்துக்குப் பூசும் பவுடரில் இருக்கும் அதே கல். தோல் தேய்ந்ததும் அந்த வெள்ளை மாவு வெளியே தலை காட்டுகிறது.

மார்கழிக் குளிரில் நம் கால் தோல் வறண்டு வெளுத்துப் போகும் அல்லவா? அதே சங்கதிதான். காலின் நிறம் மாறவில்லை. தோல் சொரசொரப்பானதால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பள்ளங்கள் நிரம்பி நிறம் திரும்பி வருகிறது. பம்பரில் எண்ணெய் தடவும்போது நடப்பதும் இதுவே. எண்ணெய் இருக்கும் வரை கறுப்பு. தோல் என்னவோ கெட்டது கெட்டதுதான்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நரைத்த இடத்தில் ஈரத் துணியை ஒரு தடவை ஓட்டுங்கள். ஈரம் இருக்கும்போது கறுத்து, காய்ந்ததும் வெளுத்தால் மேல் தோல் மட்டுமே பழுது, பூச்சில் சரியாகும். பிறகு காய்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவு மாதிரி ஒட்டினால் தோல் உதிரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மாவின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

குளிர்ந்த ஊர், சுடுகிற வெயில்

"பெங்களூர் குளிர்ந்த ஊராயிற்றே, இங்கே ஏன் இத்தனை நரை?" என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. சென்னையும் பெங்களூரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 13 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் சூரியன் ஒரே உயரத்தில்தான் நிற்கிறது. ஆனால் பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது கணக்கு. ஆகவே மேகம் இல்லாத நாளில் நம் பம்பர் மேல் விழும் கதிர் சென்னையைவிடச் சற்று அதிகமே தவிரக் குறைவில்லை. காற்றுதான் குளிர்ச்சி, வெயில் அல்ல. கப்பன் பார்க் ஓரத்து மர நிழலில் நிற்கும் வண்டிக்கும், மரமே இல்லாத புதுப் பேட்டைகளில் தெருவில் கிடக்கும் வண்டிக்கும் நாலைந்து வருஷத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பட்டைகள்தான் முதலில் போகும். வைப்பர் பட்டையும் கூரை மேல் கம்பிகளும் அப்படித்தான். ஒரே திசை பார்த்து நிறுத்துகிற வண்டியில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் நரைத்திருக்கும். தினமும் முகத்தைத் திருப்பி நிறுத்தினாலே இரண்டு பக்கமும் ஒன்று போல் முதுமை அடையும். இது சிகிச்சை இல்லை, சமத்துவம்.

பழைய அம்பாசிடர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பம்பர் என்றால் குரோமியம் பூசிய இரும்பு. துருப் பிடிக்கும், நரைக்காது. 1972-இல் பிரான்சில் வந்த ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பருக்கு வழி காட்டியது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு தொடங்கிய புதுக் கார்க் காலத்தில் இரும்பு பம்பர் மெல்ல மெல்ல மறைந்தது. இடித்தால் மடங்கித் திரும்பும், எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். நல்ல மாற்றம்தான். இப்போது உயரமான கார்களுக்கு மவுசு வந்திருக்கிறது. சக்கர வளைவைச் சுற்றியும் கதவின் அடியிலும் கறுப்புப் பட்டையை அகலமாகப் போட்டு முரட்டு அழகு காட்டுகிறார்கள். நரைக்க இடமும் அதற்கேற்ப அகலமாகிவிட்டது.

டப்பாவில் இருப்பது என்ன?

பையன்களின் டப்பாவுக்கு வருவோம். பெரும்பாலும் டீசல். சில இடங்களில் மண்ணெண்ணெய். சில இடங்களில் என்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை டீசலில் கலந்து வைத்திருப்பார்கள். கறுப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்குமாம்.

பம்பர் பிளாஸ்டிக்கில் இ.பி.டி.எம். என்ற ரப்பரும் கலந்திருக்கிறது. கதவின் பீடிங்கும் பெரும்பாலும் அந்த ரப்பரே. டீசலும் மண்ணெண்ணெயும் இந்த ரப்பருக்குப் பரம விரோதி. குடித்து வீங்கும், பிறகு தளர்ந்து போகும். பம்பரைத் துடைத்த கையோடு பீடிங்கையும் துடைத்து "இலவசமாக" பளபளப்பாக்கிக் கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து மழைத் தண்ணீர் கதவுக்குள் வரும்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆட்டோவின் ரெக்சின் கூரைக்கு மண்ணெண்ணெய் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ரெக்சினை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பசையை அது உறிஞ்சி எடுத்துவிடும். கூரை விறைத்து, மடிப்பில் கீறும்.

பூசிய எண்ணெய் காயவும் காயாது. சாலைப் புழுதி முழுவதையும் இழுத்து ஒட்ட வைத்துக் கொள்ளும். மழை பெய்தால் வெள்ளைக் கதவில் கறுப்புக் கோடாக வழியும். பயணியின் புடவையிலும் வேஷ்டியிலும் பட்டால் வாடகைக்கு மேல் வசவு கிடைக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு மனம் வருந்துவது அந்தப் பையன்களின் கைகளைப் பார்க்கும்போதுதான். உறை கிடையாது. காலையிலிருந்து இருட்டும் வரை டீசலில் ஊறிய துணி. தோலின் இயற்கைப் பசை போய் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையால்தான் சாப்பாடு. பழைய என்ஜின் ஆயில் வருஷக்கணக்கில் தோலில் பட்டுக் கொண்டிருந்தால் தோல் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு என்பது வைத்திய உலகம் அறிந்த விஷயம். வேலை வாங்கும் கடைக்காரர் ஒரு ஜோடி ரப்பர் உறை வாங்கித் தந்தால் குடி முழுகிப் போகாது. துடைக்கச் சொல்கிற நாமும் "கைக்கு உறை எங்கே, தம்பி?" என்று கேட்கலாம்.

வீட்டு வைத்தியங்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பரை அவ்வளவாகக் கெடுக்காது என்பது நிஜம். ஆனால் அதுவும் காயாத எண்ணெய். புழுதி சேரும், சிக்கு வாடை அடிக்கும். மார்கழிக் காலையில் குப்பியிலேயே உறைகிற எண்ணெய் பம்பரில் மட்டும் உறையாமல் இருக்குமா? ஷூ பாலிஷ் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு சாய்ந்து நின்றவர் சட்டையில் இருக்கும். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாக நிற்கும். அதனால் சிலர் அதைச் சிபாரிசு செய்கிறார்கள். அதில் ஒரு பேராபத்து உண்டு. அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். உபயோகித்த துணியைத் தண்ணீரில் முக்கியெடுத்து வெளியே விரித்துக் காயப் போட வேண்டும். அவ்வளவு ஜாக்கிரதை இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நலம்.

வெளுப்பெல்லாம் நரையல்ல

செலவு செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சில வெளுப்புகள் வெயிலால் வந்தவையே அல்ல. காருக்கு மெழுகுப் பாலிஷ் போடும்போது அது பக்கத்துக் கறுப்புப் பட்டையிலும் படும். பட்டையின் சொரசொரப்பில் புகுந்து காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும். இதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் போதும். பென்சில் எழுத்தை அழிப்பது போல் அழித்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தால் போய்விடும்.

இன்னொன்று ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதிலேயே வண்டி கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டால் உப்புத் திட்டு படியும். ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசினால் கரையும். இந்த இரண்டுக்கும் போய் விலை உயர்ந்த பூச்சு வாங்கிப் பூசினால், வெள்ளைக் கறையைப் பூட்டி வைத்த கதைதான்.

முறையான வேலை

நிஜமான நரைக்கு என்ன செய்யலாம்? பாதி வேலை கழுவுவதிலேயே இருக்கிறது. கடைகளில் அவசரமாகத் தள்ளிவிடுவதும் இதைத்தான்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டால் சுடக் கூடாது. கார் ஷாம்பூ அல்லது காட்டம் இல்லாத சோப்புத் திரவம் போதும். துணியால் துடைத்தால் மேடு மட்டும் சுத்தமாகும். பள்ளத்தில் அழுக்கு அப்படியே இருக்கும். ஆகவே மிருதுவான பிரஷ் அவசியம். ஏற்கெனவே டீசல் தடவிய பம்பர் என்றால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டியிருக்கும். நுரை கறுப்பாக வருவது நிற்கும் வரை விடக் கூடாது. நன்றாக அலசி, காய விட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து சுத்தமான துணியால் ஒரு தடவை துடைத்தால் மிச்சப் பசையும் போகும். இதைத் தீயின் பக்கத்தில் வைத்துச் செய்யக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயிண்ட் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் இவற்றைக் கிட்டேயே விடாதீர்கள். பம்பர் தாங்கினாலும் மற்ற உறுப்புகள் தாங்கா. கிரில், கண்ணாடிக் கூடு போன்றவை பல வண்டிகளில் ஏ.பி.எஸ். என்ற வேறு ஜாதிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அசிட்டோன் பட்டால் அது கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும். எது எந்த ஜாதி என்று எப்படித் தெரியும்? உறுப்பின் பின்புறத்தில் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பி.பி. என்றால் பாலிபுரோப்பிலீன். அதோடு இ.பி.டி.எம். என்று இருந்தால் ரப்பர் கலந்தது. டி 20 என்று இருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் கல் மாவு.

பிறகு பூச்சு. கடையில் கிடைப்பவை பலவானாலும் குணத்தில் மூன்று வகையே. முதலாவது சிலிக்கோன் எண்ணெய் கலந்த பளபளப்புத் திரவம். இதிலும் இரண்டு உண்டு. பால் போல் வெள்ளையாக இருப்பது பொதுவாகத் தண்ணீரில் கலந்தது. தெளிந்து, பெட்ரோல் வாடையோடு பிசுபிசுப்பாக இருப்பது கரைப்பானில் கலந்தது. பின்னது அதிகம் பளபளக்கும், ஆகவே கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லது முன்னது. சில நாளோ சில வாரமோ நிற்கும். டாக்சி ஓட்டுகிறவர் வண்டி கழுவும்போதெல்லாம் தடவிக் கொள்ளலாம்; சில நூறு ரூபாய்க் குப்பி பல மாதம் வரும்.

இரண்டாவது, கறுப்புச் சாயம் கலந்த திரவம். மாவு உதிரும் அளவுக்கு நரைத்த பட்டைக்கு இது கை கொடுக்கும். பக்கத்து வர்ணத்தில் பட்டால் கறை போகாது. ஓரத்தில் காகித நாடா ஒட்டிக் கொள்ள வேண்டும். மூன்றாவது, செராமிக் என்ற பெயரில் வரும் கெட்டிப்படும் பூச்சு. இது எண்ணெய் அல்ல. பள்ளத்தில் இறங்கிக் காய்ந்து படலமாகிவிடும். சுத்தம் சரியாக இருந்தால் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் நிற்கும். சுத்தம் சரியில்லை என்றால் திட்டுத் திட்டாகப் பிடித்து, அழிக்கவும் முடியாமல் கஷ்டப்படுத்தும். பூசிய பின் ஒரு நாளாவது ஈரம் படக் கூடாது.

எந்தப் பூச்சானாலும் ஸ்பஞ்சில் கொஞ்சமாக எடுத்து மெல்லிசாக இழுத்து, சிறிது நேரம் ஊற விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். சொட்டச் சொட்டப் பூசினால் நன்றாக நிற்கும் என்பது நமக்குள்ள பழக்க தோஷம். இட்லிக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்கூட்டர்காரர்களுக்கு

ஸ்கூட்டரிலும் காலடிப் பலகை, உள் மட்கார்டு, பின் கைப்பிடி எல்லாம் இதே கறுப்புப் பிளாஸ்டிக். நரைப்பதும் இதே போல். ஆனால் காலடிப் பலகையில் சிலிக்கோன் திரவம் பூசவே கூடாது. ஈரச் செருப்போடு கால் வைத்தால் வழுக்கும். டிராபிக்கில் காலை ஊன்றப் போகும்போது வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கைப்பிடி, சீட், பிரேக் மிதி இவற்றுக்கும் ஆகாது. காரில் ஸ்டீயரிங், பெடல், கால் மிதி எல்லாம் இந்தக் கணக்கே. குப்பியிலிருந்து பீய்ச்சி அடித்தால் காற்றில் பறந்து பிரேக் டிஸ்கில் படலாம். துணியில் எடுத்துத் தடவுங்கள். கழுவும் இடத்தில் பையன் ஆர்வ மிகுதியால் காலடிப் பலகையையும் பளபளப்பாக்கி வைத்திருந்தால், அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பது உத்தமம்.

சிலிக்கோன் பூசிய வண்டியை டிங்கரிங், பெயிண்டிங்குக்கு விடுவதாக இருந்தால் பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கோன் பசை இருந்தாலும் புது வர்ணம் ஒட்டாமல் வட்ட வட்டமாகக் குழி விழும். பெயிண்டர் வர்ணத்தைக் குற்றம் சொல்வார், சொந்தக்காரர் பெயிண்டரைக் குற்றம் சொல்வார்.

நெருப்பும் பெயிண்டும்

சூடான காற்றைக் கக்கும் துப்பாக்கியைப் பம்பர் மேல் ஓட்டி ஒரு நிமிஷத்தில் கறுப்பாக்கிக் காட்டும் வித்தை ஒன்று உண்டு. பார்க்க மந்திரம் போல் இருக்கும். மேல் தோல் லேசாக உருகிச் சமமாவதால் வெளிச்சம் சிதறுவது நின்று கறுப்பு தெரிகிறது. கெட்ட தோலை எடுக்கவில்லை. உருக்கி மட்டப்படுத்தினோம், அவ்வளவே. வெயில் மறுபடி வேலையைக் காட்டும். பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். அந்தத் துப்பாக்கியின் காற்றோ 500 டிகிரியைத் தொடக் கூடியது. ஒரு இடத்தில் இரண்டு விநாடி அதிகம் நின்றால் பட்டை நெளியும், சொரசொரப்பு அழிந்து வழுவழுவென்று திட்டு விழும். பக்கத்து வர்ணம் கொப்பளிக்கும். டீசல் தடவிய பம்பரில் இதைச் செய்தால் புகையோடு தீயும் வரலாம். விற்கிற அன்றைக்கு மட்டும் கறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஏற்ற வித்தை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெயிண்ட் அடிப்பது கடைசி வழி. பாலிபுரோப்பிலீன் எதையும் எளிதில் ஒட்ட விடாது. அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடித்தால்தான் பெயிண்ட் பிடிக்கும். தெருவோரத்தில் எப்.சி.க்காக அவசரமாக அடிக்கும்போது பிரைமர் யார் போடுகிறார்கள்? அடுத்த தடவை பீய்ச்சுக் குழாயில் தண்ணீர் அடிக்கும்போது பாம்புச் சட்டை போல் உரிந்து வருகிறது. டாக்சிகளுக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும் பிறகு வருஷா வருஷமும் எப்.சி. எடுக்க வேண்டும். அங்கே முக்கியம் பிரேக்கும் விளக்கும் புகையும். பம்பரின் கறுப்புக்குச் செலவழிக்கிற பணத்தில் ஹெட்லைட்டைச் சரி செய்து கொண்டு போகலாம்.

வாங்குகிறவர் கவனத்துக்கு

பழைய வண்டி வாங்கும் நம்மவர்கள் ஏராளம். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கடன் வாங்கி ஒரு பழைய கார் எடுத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் பம்பர் ஒரு புத்தகம். படிக்கத் தெரிய வேண்டும்.

விரலால் பம்பரின் கீழ் விளிம்பைத் தடவுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் காலையில்தான் பூசியிருக்கிறார்கள். ஈரத் துணியில் சோப்புத் தொட்டு ஒரு சாண் இடத்தைத் தேய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் அதுவே பதில். பூசியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் இடங்கள் உண்டு: வைப்பர் பட்டையின் ஓரம், கண்ணாடிக் கூட்டின் அடிப்பாகம், பானெட்டைத் தூக்கினால் தெரியும் விளிம்பு. அங்கே வண்டியின் நிஜ வயது எழுதியிருக்கும்.

எண்ணெய் பூசியிருப்பதால் மட்டும் வண்டி மோசம் என்று சொல்ல முடியாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் யார்தான் பவுடர் பூசுவதில்லை? கவனிக்க வேண்டியது வித்தியாசத்தை. பின் பம்பர் சாம்பலாக, முன் பம்பர் மட்டும் ஆழ்ந்த கறுப்பாக, சொரசொரப்பும் புதிதாக இருந்தால் முன் பக்கம் எப்போதோ இடித்து மாற்றியிருக்கலாம். அது தவறல்ல, ஆனால் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம்.

சந்தேகம் வந்தால் இன்னொரு சாட்சி இருக்கிறது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உறுப்புகள் பலவற்றின் உட்புறத்தில் சிறிய வட்ட முத்திரை ஒன்று காணப்படும். கடிகாரம் போலச் சுற்றிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், நடுவில் ஒரு அம்பு, அம்பின் இரு பக்கமும் இரண்டு இலக்கம். அம்பு காட்டுவது மாதம். நடுவில் இருப்பது வருஷம். ஆர்.சி. புத்தகத்தில் 2016 என்று இருந்து, பம்பரின் உள்ளே 21 என்று இருந்தால் அந்தப் பம்பர் வண்டியோடு பிறந்ததல்ல. சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பல வண்டிகளில் இது தெரியும். மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறவர்கள் அவரிடம் சொன்னால் குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.

கிளிப் உடைந்து, வெடித்து, தொட்டால் பொடியாகும் பட்டைக்கு எந்தப் பூச்சும் உதவாது, மாற்ற வேண்டியதுதான். புதிதாக வாங்கக் கட்டுப்படி ஆகாதவர்கள் சிவாஜி நகரின் பழைய உதிரிப் பாகக் கடைகளில் தேடலாம். அங்கே போகும்போதும் ஒரு ஈரத் துணி கையில் இருக்கட்டும். கடைக்காரரும் காலையில் எண்ணெய் தடவித்தான் அடுக்கியிருப்பார். துடைத்துப் பார்த்து, திருப்பிப் போட்டு முத்திரையில் வருஷத்தைப் படித்து, லேசாக வளைத்து வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.